செடிக்கு வைத்த பெயர்

“கொஞ்சம் சிரியேன்க்கா! ஊரே உன்னைப் பத்திதான் பேசுது” என்றாள் சரோஜா.

ரேணுகாம்பாள் சிரிக்கவில்லை. துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், உடனே மூடினாள். சேதி கேட்டுக் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஓடிவந்த தங்கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கூடத்தில் ஒரே கலகலப்பு. ரேணுகாம்பாளின் கணவர் சக்கரபாணி கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். அண்ணாமலையார் மலையில் இதுவரை யாரும் பதியாத ஒரு செடியைப் பற்றி அவர் எழுதியது பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்திருந்தது. செடிக்கு வைத்தது மனைவியின் பெயர். அவளும் அதே படிப்புப் படித்தவள்தான்; கல்யாணத்தோடு வேலைக்குப் போகும் பேச்சு நின்றுபோனது.

சரோஜா காபித் தட்டோடு போனாள். சக்கரபாணி பத்திரிகையை நீட்டினார்.

“முதல் பாதி செடியோட குலப்பேரு. ரெண்டாவது இந்தச் செடிக்குன்னே வைக்கிறது. பொம்பளைங்க பேர்னா கடைசில ‘ஏ’ சேரும். ‘ரேணுகே’னு இருக்குதா?”

“பின்னாடியே உங்க பேரும் இருக்குதே மாமா!”

“செடியை முதல்ல விவரிச்சு எழுதினவங்க பேர் அங்கதான் வரும்.”

கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜோடியாக! சரோஜாவுக்குக் கண் கலங்கியது. அவள் வீட்டுக்காரர் டிராக்டருக்குக்கூடத் தன் அம்மா பெயரைத்தான் எழுதியிருந்தார்.

“பூ என்ன கலர் சார்?” என்றார் பாராட்ட வந்த ஒருவர்.

“மஞ்சள்.”

“காலைலதான் மஞ்சள். வெயில் ஏறினா செம்பு நிறமாயிடும்” என்றாள் ரேணுகாம்பாள், அடுப்படியிலிருந்தே.

“அதேதான், அதேதான்” என்று அவசரமாகச் சிரித்தார் சக்கரபாணி.

சரோஜா திரும்பி வந்தபோது அக்கா பின்வாசலில் நின்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பார்வை மலைமேல் இருந்தது.

“இப்படி ஒரு புருஷன் யாருக்குக்கா கிடைப்பாரு? தன் பேரை வச்சுக்காம உன் பேரை வச்சிருக்காரே!”

“ஒரு செடியைப் பத்தி எழுதினவங்க, அதுக்குத் தன் பேரையே வச்சுக்க மாட்டாங்க சரோஜா. அசிங்கம்னு நினைப்பாங்க.”

“அதனாலதான் உன் பேரை வச்சாரு!”

“அதனாலதான்.” ரேணுகாம்பாள் திரும்பினாள். “இனிமே நான்தான் எழுதினேன்னு சொன்னா, யாரு நம்புவா?”