மீட்டரில் நின்ற எண்

டேஷ்போர்டிலிருந்து ஸ்பீடோமீட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

சித்தப்பா பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அசையவில்லை.

“இன்ஜினியருக்குப் படிச்ச பொண்ணு மீட்டர் நோண்டுது. முள்ளு ஆடினா போதும்மா. கிலோமீட்டரை ஜீரோ ஆக்கிடு, வாங்குறவன் சந்தோஷப்படட்டும்.”

படிக்க வைத்தது அவர்தான். அதை வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அப்பாவின் பிக்கப் வண்டி. அவளுக்கு ஆறு வயதில், ஒருநாள் விடிந்தபோது அப்பாவும் இல்லை, வண்டியும் இல்லை. நானூறு கிலோமீட்டர் தள்ளித் துறைமுகத்தில் வண்டியைப் போட்டுவிட்டு எவளோடோ கப்பலேறிவிட்டாராம். சித்தப்பாதான் தேடிப் போய், வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். அதை நிறுத்தவென்றே இந்த ஷெட்டையும் கட்டினார். பிறகு யாரும் சாவி போடவில்லை.

அம்மா கடைசிவரை முகம் தெரியாத அந்த எவளையோ சபித்தாள். மகள் அப்பாவைச் சபித்தாள்.

கண்ணாடி முழுக்க உள்பக்கம் பூஞ்சை. வளையத்தை நெம்பிக் கண்ணாடியை எடுத்துப் பஞ்சால் மெல்லத் துடைத்தாள்.

48,213.

அவள் எண் படித்ததே இந்த மீட்டரில்தான். தினமும் வண்டி வந்து நின்றதும் அப்பா மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். அவள் வாசித்து நோட்டில் எழுதுவாள். அவர் விட்டுப்போன சொத்து அந்த நோட்டு ஒன்றுதான். கடைசி வரி அவளுக்கு மனப்பாடம்.

48,207.

துறைமுகம் போக நானூறு. வர நானூறு.

மீட்டர் பழுதாகியிருக்கும். பின்பக்கத் தண்டைத் திருகிப் பார்த்தாள். கடைசி எண் வெண்ணெய் மாதிரி உருண்டது. எண் சக்கரங்களில் யாரும் கைவைத்த கீறலும் இல்லை.

ஆறு கிலோமீட்டர்.

சித்தப்பாவின் செங்கல் சூளைக்குப் போக மூன்று. வர மூன்று.

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

“ஜீரோ ஆக்கிட்டியாம்மா?”

“ஆச்சு சித்தப்பா.”

திரும்பாமல் கண்ணாடியை மூடினாள். மீட்டரைத் தன் பைக்குள் வைத்தாள். பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நாலு பக்கமும் பூசாத செங்கல் சுவர். அப்பா காணாமல் போன அந்த வாரத்தில் சூளையில் வெந்த கல்லில் ஒன்றைக்கூடச் சித்தப்பா வெளியே விற்கவில்லை.