பச்சைத் தண்ணி டீ

"இன்னாய்யா இது, டீத்தூளைப் பச்சைத் தண்ணில கொட்டுற? அடுப்பு பத்தலைன்னா சொல்லு, நான் வந்து ஊதுறேன்!"

இருசம்மாள் சிரித்தாள். கரையில் கட்டிய படகில் குந்தியிருந்த அவள் புருஷன் மாரி நிமிரவே இல்லை. கிரீன் டீ இலை, எலுமிச்சை, புதினா எல்லாம் பாட்டிலுக்குள் போய்விட்டன. இப்போது கொய்யாப்பழத்தைச் சீவிக்கொண்டிருந்தான்.

"மீன் கத்தியிலயா? கவிச்சி அடிக்கப் போவுது!"

"மூணு வாட்டி கழுவிட்டேன். போன்ல பாத்தேன் இருசு. சக்கரை வாணாம், அடுப்பு வாணாம். ராத்திரி பூரா ஐஸ்ல ஊறணும். தொப்பை கரையுமாம்."

"உனுக்கு ஏதுய்யா தொப்பை? வலை இழுத்து இழுத்து வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்குது!"

மாரி கொய்யாத் துண்டுகளைப் பாட்டிலுக்குள் தள்ளினான். இதுதான் சமயம் என்று அவள் ஆரம்பித்தாள்.

"உங்க அண்ணனுக்குக் கால் புண்ணு ஆறவே இல்லையாம். டீக்கடையில நின்னா நாலு ஸ்பூன் சக்கரை. இப்படியே போனா வெரலை எடுக்கணும்னு பொன்னேரி டாக்டர் சொல்லிட்டாராம். கூடப் பொறந்தவன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்தாளு பேச்சை எடுக்காத!"

இரண்டு வருஷப் பகை. வீட்டைப் பிரித்தபோது நடுவில் வேலி வந்தது. தெருவுக்கே ஒன்றே ஒன்றாக நின்ற கொய்யா மரம் அண்ணன் ஆதிகேசவன் பக்கம் போனது. படகை அறுக்க முடியாதே! அதனால் ஒருநாள் அண்ணன் பாடு, மறுநாள் தம்பி பாடு என்று ஏரிக்குப் போகும் நாளைப் பிரித்துக்கொண்டார்கள். அன்றோடு பேச்சும் நின்றது.

மாரி பாட்டிலைப் படகின் ஐஸ் பெட்டிக்குள் ஆழமாகப் புதைத்து, மூடியை அழுத்தினான்.

"இங்கியே வுட்டுட்டு வர்றியே, காலையில குடிக்க வாணாமா?" என்று கேட்டவள் சட்டென்று நின்றாள். "யோவ்... நாளைக்கு உன் பாடு இல்லையே! உங்க அண்ணன் பாடாச்சே!"

மாரி கத்தியைத் தண்ணீரில் அலசினான்.

"அவுருக்குத்தானா? அடப்பாவி! நீ வெச்சதுன்னு தெரிஞ்சா ஏரியில கடாசிடுவாரேய்யா!"

மாரி மிச்சமிருந்த கொய்யாத் துண்டை அவள் வாயில் திணித்தான்.

"ரெண்டு வாரமா வெச்சிக்கினுதான் இருக்கேன். என் பாடு அன்னிக்குப் பெட்டியைத் தொறந்தா பாட்டில் காலியா இருக்கும். பக்கத்துல, அடுத்த டீக்கு ரெண்டு கொய்யாப்பழம் இருக்கும்."