திங்கட்கிழமை விரல்

ஒரு சொட்டு இரத்தத்தின் புரதத்தை வைத்தே வயிற்றில் ஓடும் பெரிய இரத்தக்குழாயான பெருநாடி வீங்குவதைச் சொல்லிவிடும் கருவியை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற எல்லார் வீட்டிலும் மாட்டியிருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் சோதனை.

"செவப்பு எரிஞ்சா வேலையவிட்டு எறக்கிருவானுவ. ஒன் விரல நீட்டுட்டி," என்பார் தொம்மை.

"மாத்திரையிலயே கொணமாயிருமாம்லா?" என்று அவர் மனைவி அமலி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஆறு மாசம் வீட்ல கெடக்கச் சொல்லுவான். நீட்டு."

மூன்று வருடம் நீட்டினாள்.

போன புதன்கிழமை, கிரேன் மேலேயே பெருநாடி வெடித்து அவர் போய்ச் சேர்ந்தார்.

இன்று காலை கருவி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அடுப்படியிலிருந்து வந்தவள் பழக்கத்தில் விரலைக் கொடுத்துவிட்டாள். பச்சை எரிந்தது.

"தொம்மை, உங்கள் பெருநாடி நன்றாக இருக்கிறது. வேலைக்குப் போகலாம்."