இரண்டு பெயரில் ஒரு வீடு

“நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் முட்டிக்கிட்டா, வீட்டை நடுவுல ரம்பம் வச்சா அறுப்பீங்க?”

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எதிரே ஒரு பஸ் டிரைவர், பக்கத்தில் ஒரு நர்ஸ். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. கணவன் மனைவி இல்லை, ஆகும் உத்தேசமும் இல்லை. ஆனால் சேர்ந்து வீடு வாங்குகிறார்களாம். இன்று மாலைக்குள் பத்திரம் பதியாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

“அறுக்க மாட்டோம் மேடம். ரெண்டு பேர் பேரையும் போட்டு எழுதிடுங்க,” என்றார் டிரைவர், பல்லெல்லாம் தெரிய.

“பேர் போட்டா போதுமா? புருஷன் பெண்டாட்டின்னா சட்டம் பாத்துக்கும். உங்களுக்கு இந்தக் காகிதம்தான் கதி. ஒருத்தர் போயிட்டா அவர் பங்கு கூடப்பிறந்தவங்களுக்குப் போகும். இன்னொருத்தர் தெருவுல நிக்கணும்.”

நர்ஸின் முகம் வாடியது. “ஐயையோ! அப்ப உயிரோட இருக்கறவங்களுக்கே முழு வீடும்னு எழுதுங்க மேடம். இவர் தங்கச்சிக்கு என்னைக் கண்டாலே ஆகாது.”

“நான்தான் முதல்ல போவேன்னு முடிவே பண்ணிட்டியா?”

“நீங்க திங்கிற தீனிக்கு வேற யார் போவாங்க?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயுசுச் சம்பாத்தியத்தையெல்லாம் கொட்டிவிட்டு இளிப்பென்ன வேண்டியிருக்கிறது! இப்படிச் சிரித்துக்கொண்டே வந்து, பிற்பாடு இதே நாற்காலியில் மூக்கைச் சிந்தியவர்கள் எத்தனை பேர்!

“சாவு கிடக்கட்டும். பிரிஞ்சுட்டா? பழகப் பழகப் பாலும் புளிக்கும். இவர் குறட்டை விடுவாரா, பல்லைக் கடிப்பாரான்னு இப்ப உங்களுக்கு என்ன தெரியும்?”

“ரெண்டும் பண்ணுவார் மேடம்.”

“பிரிவுன்னா என்னன்னு தெரியாமப் பேசறீங்க!” என்று பெருமூச்சு விட்டார் வக்கீலம்மா. “சரி, முன்னாடி கல்யாணம் ஆகியிருந்தா விவாகரத்துத் தீர்ப்பு நகல் வேணும். இல்லேன்னா பழைய உறவு பங்கு கேட்டு வாசல்ல வந்து நிக்கும்.”

ஆளுக்கொரு நகலை நீட்டினார்கள். வக்கீலம்மா ஒன்றைப் படித்தார். மற்றதையும் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலாவதற்கே வந்தார்.

இரண்டிலும் ஒரே தேதி, ஒரே வழக்கு எண், அதே இரண்டு பெயர்கள்.

“பிரிஞ்சும் பார்த்துட்டோம் மேடம்,” என்றார் நர்ஸ், டிரைவரின் மடங்கிய சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி. “அதுவும் சரிப்பட்டு வரலை!”