அலகுக்குள் ஒரு கீரி

ஏரித் தீவிலிருந்த நாரைக் குஞ்சுகளை ஒரு பாம்பு விழுங்கிவந்தது. கீரி நீந்தி வருவதைப் பார்த்தால் பாம்பு பொந்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் பறவைப் படையின் ரகசியப் பிரிவிலிருந்த கூழைக்கடா, கீரியைத் தன் அலகுப் பைக்குள் மறைத்துக்கொண்டு பறந்தது.

வழியில் காகம் கேட்டது: "என்ன அண்ணே, வாயில பெரிய மீனா?"

வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். கூழைக்கடா பேசாமல் போனது.

"அடேயப்பா, என்ன திமிரு!" என்றது காகம்.

தீவில் இறங்கியதும் கூழைக்கடா அலகைத் திறந்தது. கீரி பாய்ந்தது. பாம்பின் கதை முடிந்தது.

மாலையில், "பாம்பைக் கொத்திக் கொன்னது நான்தான்!" என்று காகம் கரையெல்லாம் கதை அளந்துகொண்டிருந்தது.

கீரிக்குப் பொறுக்கவில்லை. "கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கீங்களே?"

"சொல்லிட்டுப் போகட்டும். பக்கத்துத் தீவுப் பாம்பு இனிமே காகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கும்" என்று சிரித்தது கூழைக்கடா. "சீக்கிரம் உள்ளே ஏறு."