அளவுக் குவளைகள்

அலுவலகப் புல்வெளியில் பத்துக் குவளைகளை வைத்து, தெளிப்பானைக் கால்மணி நேரம் ஓடவிட்டாள் கன்னியம்மா. விழுந்த தண்ணீரை ஸ்கேலால் அளந்தாள். புல்லுக்கு வாரத்துக்கு இரண்டு நாள், விடியலில் இருபது நிமிடம் போதும் என்று எழுதிக் கொடுத்தாள். மேலாளர் படிக்காமலே மடித்தார்.

"தினம் ரெண்டு வேளை ஓடட்டும். வர்றவங்க கண்ணுக்கு ஈரமாத் தெரியணும்."

"இந்தப் புல்லுக்குன்னு போர்வெல் போட்டதுலேர்ந்து எங்க தெரு அடிபம்புல காத்துதான் சார் வருது."

"அளக்குறதுதான் உன் வேலை. அளந்துட்டுப் போ."

ஸ்கேல் அவள் பிடியில் வளைந்தது.

மறுநாள் விடியலில் தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருந்தன. புல்வெளி முழுக்க அவள் தெருவின் குடங்கள் வாய்திறந்து நின்றன. நடுவில் நனைந்தபடி குந்தியிருந்தாள் கன்னியம்மா.

"என்னம்மா இது?" என்றார் மேலாளர்.

"அளக்குறேன் சார்," என்றாள், நிமிராமல். "நிறையிற வரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாது."