கோப்பின் தலையில் ஒரு பெயர்

"நெவேனா, இத ஒரு பார்வ பாத்து ஓகே போட்டுடேன். சின்ன மாத்தந்தான்," என்றான் அசென், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவனுக்கென்று அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த வால்நட் கேக் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. சாப்பாட்டு ராமன் இன்று தொடவேயில்லை.

இருவரும் இந்த ப்ளோவ்டிவ் நகர அலுவலகத்தில் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். இருவர் எதற்கு, ஒருவர் போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. இருக்கப்போவது யார் என்று மதியத்துக்குமேல் தெரியுமாம். ஐம்பதைத் தாண்டியவளை இனி எந்தக் கம்பெனி கூப்பிடும்? காலையிலிருந்தே நெவேனாவுக்கு இதே கேள்விதான்.

அதற்காக வேலை நிற்குமா? ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் பார்க்காமல் சர்வரில் ஏற்றக் கூடாது. அசெனின் மாற்றத்தைத் திறந்தாள்.

சர்வர்கள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் கையால் அமைப்புக் கோப்பு எழுதி மாளாது. அதனால் இடையிடையே வெற்றிடம் விட்ட ஒரே வார்ப்புரு. வெற்றிடங்களை நிரப்பி, ஒவ்வொரு சர்வரிலும் கோப்பைக் கொண்டுபோய் வைப்பது ஒரு மென்பொருள் கருவியின் பாடு. அந்த வார்ப்புரு நெவேனா எழுதியது.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு வரி இருக்கும்: கையால் தொடாதீர்கள், பழுதானால் நெவேனாவைக் கூப்பிடவும்.

அந்தப் பெயரையும் வெற்றிடமாக்கிவிடு, அப்போதுதான் நீ நிம்மதியாக லீவில் போகலாம் என்று போன மாதம் மேலாளர் சொன்னார். அட, நம்மேல் இவ்வளவு கரிசனமா என்று பூரித்துப்போய் அவளே மாற்றிக் கொடுத்தாள்.

ஒத்திகை ஓட்டத்தைத் தட்டிவிட்டாள். அது எதையும் மாற்றாது, மாறப்போவதை மட்டும் காட்டும். போகிற வரி சிவப்பில், வருகிற வரி பச்சையில்.

சிவப்பில்: நெவேனாவைக் கூப்பிடவும்.

பச்சையில்: அசெனைக் கூப்பிடவும்.

அடுத்த சர்வரிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. திரை உருண்டுகொண்டே போனது. எங்கும் ஒரு பிழை இல்லை. அவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருந்தாள்.

திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

இருக்கப்போவது நீதான் என்று இன்று காலையில்தான் இவனிடம் சொல்லியிருப்பார்கள். நேரில் சொல்ல வாய் வராமல் இப்படி அனுப்பிவிட்டான், பாவம். அப்படி மனதைத் தேற்றிக்கொண்டு ஓகே பொத்தானுக்கு வந்தாள்.

பொத்தானுக்கு மேலே, அவன் அந்த மாற்றத்தை எழுதிய நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை.

நேற்று ஞாயிறு, பூவின் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் பெயர் நாள், பிறந்தநாள் மாதிரி விருந்து வைப்பார்கள். நெவேனாவும் ஒரு பூவின் பெயர்தான். அழைக்காமலே வருவதுதான் வழக்கம். அவள் வீட்டுக்கு முதல் ஆளாக வந்தவன் அசென். விருந்துக்கு வைத்த மீனை ஒரு பிடி பிடித்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தினான்.

"இந்தப் பேரு நூறு வருஷம் உன்கூடவே நல்லா இருக்கணும், நெவேனா."